மணி அடிக்காத கொட்டில்

எங்கள் ஒழுங்கையின் முகப்பில் வசிக்கும் ஓய்வுபெற்ற தபாலதிபர் ஒருவர், என்னைக் காணுந்தோறும் ஒரே கேள்வியையே கேட்பார்.

"தம்பி, இப்ப எங்கை வேலை?"

"வீட்டிலை இருந்துதான் ஐயா. கொம்பியூட்டர் வேலை."

"அது தெரியும். எங்கை வேலை எண்டெல்லோ கேக்கிறன்."

இந்த 'எங்கை' என்ற சொல்லுக்கு என்னிடம் விடை கிடையாது. அவர் காலத்து உத்தியோகத்துக்கு ஒரு கட்டடம் இருந்தது. கட்டடத்துக்குக் கதவு இருந்தது. கதவுக்குப் பூட்டு இருந்தது. மாலையில் பூட்டைப் போட்டுவிட்டுச் சயிக்கிளில் ஏறினால் தபாலதிபர் மறைந்து குடும்பஸ்தன் வெளிப்படுவான். என் வேலையோ சட்டைப்பைக்குள் இருக்கின்றது.

நான் செய்வது இணையச் சந்தைப்படுத்தல். பெயரைக் கேட்டு மயங்க வேண்டாம். புதிய படம் வந்த நாட்களிலே காரின்மேல் ஒலிபெருக்கி கட்டி, ஊரூராக நோட்டீஸ் வீசிச் சென்றவர்களின் வழித்தோன்றல் நான். ரொறன்ரோவிலே கூரை திருத்தும் ஒருவரும், மெல்பேணிலே கம்பளங்களும் தளபாடங்களும் சுத்தஞ்செய்யும் சிறு நிறுவனமொன்றும் என் பிரதான வாடிக்கையாளர்கள். ரொறன்ரோவாசி ஒருவரின் வீட்டுக் கூரை ஒழுகி, அவர் கைத்தொலைபேசியில் ஆள் தேடும்போது, என் வாடிக்கையாளரின் பெயர் முதற்பக்கத்தில் நிற்க வேண்டும். அதற்காகக் கட்டுரைகள் எழுதுவதும், விளம்பர இடங்களை ஏலத்தில் எடுப்பதும் என் ஜீவனோபாயம். ஏலம் என்றது அலங்காரத்துக்கன்று. கூகிள் நிறுவனம் 2000 ஆம் ஆண்டிலே ஆரம்பித்த விளம்பர முறையில், இன்று ஒவ்வொரு தேடலின்போதும் ஓர் ஏலம் நடைபெறுகின்றது. கண்ணிமைக்கும் பொழுதில் அது முடிந்தும் விடுகின்றது. யாரேனும் விளம்பரத்தை அழுத்தினால் விளம்பரதாரரின் கணக்கிலிருந்து பணம் கழிகின்றது. பாசையூரிலே மீன் கூறி விற்பதற்குங்கூட ஒரு வேளை உண்டு. இந்தச் சந்தைக்குத் திறப்பும் இல்லை, அடைப்பும் இல்லை.

காலவேறுபாட்டைச் சற்றுக் கணக்கிட்டுப் பாருங்கள். மார்கழி, தை மாதங்களில் ரொறன்ரோவிலே காலை ஒன்பது மணியாகும்போது நமக்கு இரவு ஏழரை. அங்கே மாலை ஐந்து மணிக்குக் கடையடைக்கும்போது இங்கே பின்னிரவு மூன்றரை. அதே மூன்றரை மணிக்கு மெல்பேணில் காலை ஒன்பதாகிக் கடை திறக்கின்றது. அது அடைபடும்போது நமக்கு முற்பகல் பதினொன்றரை. சூரியன் அஸ்தமிக்காத சாம்ராஜ்யம் என்று ஒருகாலத்தில் வெள்ளைக்காரர் பெருமை பேசினர். அந்தப் பழைய சாம்ராஜ்யத்தின் இரண்டு மூலைகளுக்கு நடுவே என் மேசைவிளக்கு இன்று அணையாமல் எரிகின்றது.

2017 ஆம் ஆண்டிலே கொழும்பில் ஒரு தனியார் காரியாலயத்து வேலையை விட்டுவிட்டு ஊர் திரும்பினேன். யாருக்கும் கைகட்டி நிற்காமல், தாயாரைப் பார்த்துக்கொண்டு, மகளைப் பாடசாலைக்கு ஏற்றி இறக்கிக்கொண்டு வாழலாம் என்பதே நோக்கம். முதல் வருஷம் அப்படித்தான் நடந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. பகலில் மரக்கறித் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைத்தேன், வாசிகசாலைக்குப் போனேன். பின்பு ஒரு விசித்திரமான நோய் பற்றிக்கொண்டது. மாதச் சம்பளக்காரனுக்கு மாலைப்பொழுது விலையற்றது. அதனால் அதை அவன் தன் பிள்ளைக்குக் கொடுத்துவிடுகின்றான். ஒவ்வொரு மணித்தியாலத்தையும் டொலராக மாற்றலாம் என்று அறிந்தவனுக்கோ, மாற்றாத மணித்தியாலம் ஒவ்வொன்றும் நஷ்டமாகத் தோன்றத் தொடங்குகின்றது. மகளின் வாய்பாட்டைக் கேட்டுக்கொண்டிருந்த அரை மணி நேரத்துக்கு மனம் தானாகவே விலை போட்டுப் பார்க்கும். இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கின்றது. ஆயினும் சொல்லாமல் விட்டால் மீதி எழுத்துக்கு நேர்மை இராது.

என் பாட்டனார் சுருட்டுத் தொழிலாளி. சுருட்டுக் கொட்டிலைப் பற்றி இவ்வேட்டின் வாசகர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. இடதுசாரி அரசியலை யாழ்ப்பாணத்துக் கிராமங்களுக்குள் கொண்டுவந்த வாசல்களில் அதுவும் ஒன்று. ஒருவர் உரக்கப் பத்திரிகை வாசிக்க, ஏனையோர் கை ஓயாமல் சுருட்டுச் சுற்றியபடியே செவிமடுப்பர். பாட்டனார் எழுத்தறியாதவர், ஆனால் ஸ்பானிய உள்நாட்டு யுத்தத்தைப் பற்றி அறிந்திருந்தார். அவருக்கும் கூலி எண்ணிக்கைக்குத்தான். இத்தனை சுருட்டுக்கு இத்தனை சதம். அந்த வகையில் நாங்கள் இருவரும் ஒரே தொழிலாளர்கள்: அவர் சுருட்டை எண்ணினார், நான் சொற்களை எண்ணுகின்றேன். இருந்தாலும் ஒரு பேதம் உண்டு. அவரைச் சுற்றிப் பத்துப் பேர் இருந்தனர். முதலாளி ஒரு சதம் குறைத்தால், வாசித்துக்கொண்டிருந்த பத்திரிகையைக் கீழே வைத்துவிட்டு அதைப் பற்றிப் பேசினர். பொழுது பட்டதும் கையைக் கழுவிக்கொண்டு எழுந்தனர். புகையிலை மணம் மாத்திரம் வீடுவரை கூட வரும். என் அறையிலோ நான் ஒருவனே.

துண்டுக்கூலியைப் பற்றிக் கார்ல் மார்க்ஸ் 1867 இல் வெளியான 'மூலதனம்' முதற்பாகத்திலே ஓர் அத்தியாயம் எழுதியுள்ளார். எண்ணிக்கைக்குக் கூலி கொடுத்தால், வேலைநாளை நீட்டுவது தொழிலாளியின் சொந்த நலன்போலத் தோன்றத் தொடங்கும், கங்காணி தேவையில்லை, தொழிலாளியே தனக்குக் கங்காணி ஆகின்றான் என்பது அதன் சாரம். மாணவப் பருவத்தில் அதைப் படித்துப் பரீட்சையிலும் எழுதினேன். நான் என்னையே கங்காணம் பண்ணத் தொடங்கிய நாட்களில் அது நினைவுக்கு வரவேயில்லை. அந்த அத்தியாயத்தில் இன்னொரு விஷயமும் உண்டு. அதைப் பின்னர் சொல்கின்றேன்.

எட்டு மணித்தியால வேலைநாள் யாரும் இனாமாகத் தந்ததல்ல. 1886 மே மாதத்திலே சிக்காகோ வீதிகளில் அதற்காக இரத்தம் சிந்தப்பட்டது. 1919 இல் சர்வதேசத் தொழில் ஸ்தாபனத்தின் முதலாவது சமவாயமே ஆலைத்தொழிலில் வேலைநேரத்தைப் பற்றியதாக அமைந்தது. நம் நாட்டிலே 1954 ஆம் ஆண்டின் கடை, காரியாலய ஊழியர் சட்டம் நாளொன்றுக்கு எட்டு மணி, வாரத்துக்கு நாற்பத்தைந்து மணி என வரம்பிட்டது. 1958 இல் ஊழியர் சேமலாப நிதி வந்தது. இவையனைத்தும் 'ஊழியர்' என்ற சொல்லைப் பற்றிக்கொண்டு நிற்கின்றன. நான் ஊழியன் அல்லன், 'சுயாதீனமானவன்'. ஆகவே எனக்கு வரம்பும் இல்லை, நிதியும் இல்லை. இதில் ஒரு வேடிக்கை. வேலைநேரத்துக்கு வெளியே முதலாளி அனுப்பும் செய்தியைப் பாராமலிருக்கும் உரிமையை அவுஸ்திரேலியா 2024 ஆகஸ்டில் ஊழியர்களுக்கு நடைமுறைக்குக் கொண்டுவந்தது. 2025 ஆகஸ்டில் சிறு நிறுவனங்களுக்கும் அது விரிந்தது. என் மெல்பேண் வாடிக்கையாளரின் காரியாலயத்திலே தொலைபேசி எடுக்கும் பெண் இன்று மாலை ஐந்து மணிக்குப் பின் நிம்மதியாக இருக்கலாம். அதே நிறுவனத்துக்காகப் பின்னிரவு மூன்றரைக்குக் கண்விழிக்கும் எனக்கு அந்தச் சட்டத்தில் இடமில்லை.

இதற்காக என்னைப் பார்த்து அனுதாபப்பட வேண்டியதில்லை. 2022 ஆம் ஆண்டை நினைத்துப் பாருங்கள். பங்குனி முடிவிலே நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்வெட்டு. நான் காரிலிருந்து கழற்றிய பற்றறியை வைத்து வேலை செய்தேன். இருநூறு ரூபாவளவில் நின்ற டொலர் சில வாரங்களுக்குள் முந்நூற்றறுபது வரை ஏறியது. என் மனைவி ஆசிரியை. அவருடைய சம்பளம் கண்ணெதிரே கரைந்தது. என் வருமானமோ ஒரு வேலையும் கூடச் செய்யாமல் வீங்கியது. ஒழுங்கை முழுவதும் எரிவாயுவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரிசையில் நின்ற காலத்தில், நாட்டின் வீழ்ச்சி எனக்கு அறுவடையாயிற்று. பின்னர் 2025 சித்திரையில் வெளிநாட்டுச் சேவை வருமானத்துக்கு வரி வந்தபோது, எங்கள் தொழில்காரர் பலர் கொதித்தனர். 1945 இல் வந்த இலவசக் கல்வியில் படித்து, இலவச ஆஸ்பத்திரியில் பிறந்தவன் அதில் என்ன முறையிடுவது? என் மனக்குறை வேறு.

2024 மார்ச் மாதத்திலே கூகிள் தன் தேடல் முறையில் பெரிய மாற்றமொன்றைச் செய்தது. அது முற்றுப்பெற நாற்பத்தைந்து நாட்கள் சென்றன. அந்த நாட்களில் நான் ஏழு வருஷமாகக் கட்டியெழுப்பிய பக்கங்கள் முதலிடத்திலிருந்து எங்கோ சரிந்தன. காரணம் கேட்க ஒரு முகம் இல்லை. மகஜர் கொடுக்க ஒரு வாசல் இல்லை. வாடிக்கையாளர்கள் நெருக்கினர். புதிய கட்டுரைகள் ஏராளமாகத் தேவைப்பட்டன. உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பல்கலைக்கழக அனுமதிக்குக் காத்திருந்த ஒரு மாணவியை, அயலவர் பிள்ளை, எழுத வைத்தேன். ஆங்கிலம் நன்றாக எழுதுவாள். கட்டுரை ஒன்றுக்கு ஆயிரம் ரூபா. நான் வாடிக்கையாளரிடம் பெற்றது நாற்பது டொலர். அன்றைய மாற்றுவிலையில் ஏறத்தாழப் பன்னிரண்டாயிரம் ரூபா. திருத்துவதும் பொறுப்பேற்பதும் நான்தானே என்று மனத்துக்கு நியாயம் சொல்லிக்கொண்டேன்.

2025 தை மாதத்தில் ஓரிரவு பத்தரை மணிக்கு மெல்பேணுக்கு இரண்டு கட்டுரைகள் குறைவதைக் கண்டேன். அவர்களுடைய காலை ஒன்பதுக்குள் அனுப்பியாக வேண்டும். அந்தப் பிள்ளைக்கு வட்ஸ்அப்பில் குரற்செய்தி போட்டேன்: விடியமுன் இரண்டும் வேணும், இல்லையென்றால் வேறு ஆளைப் பார்க்க வேண்டிவரும். 'இல்லையென்றால்' என்ற அந்தச் சொல்லை என்னிடம் யார் யார் எத்தனை முறை சொல்லியிருக்கின்றனர்! அதே தொனியிலே, அதே மெல்லிய சிரிப்புடன், அதை நான் சொன்னேன். மூன்று மணியளவில் இரண்டு கட்டுரைகளும் வந்து சேர்ந்தன. அனுப்பிவிட்டு உறங்கினேன்.

காலையில் படலையில் அவளுடைய தாயார் நின்றார். கையில் மகளின் தொலைபேசி.

"தம்பி, பிள்ளை எழுதினது சரியோ எண்டு ஒருக்காப் பாத்துச் சொல்லுங்கோ. அதைக் கேட்டு வரச்சொல்லி அனுப்பினவள்."

"ஏன் அக்கா, அவ எங்கை?"

"வாட்டிலை. மூண்டு நாளாக் காய்ச்சல். முந்தநாள் டெங்கு எண்டு மறிச்சுப்போட்டினம். சேலைன் ஏத்தின கையோடைதான் இரவிரவா இதை நோண்டிக்கொண்டு இருந்தவள். உங்களுக்குச் சொல்ல வேண்டாம் எண்டவள். வேலையிலை இருந்து நிப்பாட்டிப்போடுவியளாம்."

அவர் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சற்று இலகுவாக இருந்திருக்கும்.

மார்க்ஸின் அத்தியாயத்தில் இன்னொரு விஷயம் உண்டென்றேனல்லவா? துண்டுக்கூலி முறையிலே, முதலாளிக்கும் தொழிலாளிக்கும் நடுவே உழைப்பை மறுகுத்தகைக்கு விடும் இடைத்தரகன் முளைக்கின்றான். முதலாளி கொடுக்கும் விலைக்கும் தொழிலாளி பெறும் கூலிக்கும் உள்ள வித்தியாசத்தில் அவன் உயிர்வாழ்கின்றான். என் வித்தியாசம் பதினொராயிரம் ரூபா. அன்றுவரை என் வாழ்க்கையின் பிரச்சினை வேலைக்கும் வீட்டுக்கும் இடையே நேரத்தைப் பங்கிடுவது என்றே நம்பியிருந்தேன். வேலைநேர அட்டவணைகள் போட்டேன். தொலைபேசியை அரிசி வாளிக்குள் வைத்துப் பார்த்தேன். என் இரவை மீட்க நான் கண்டுபிடித்த உபாயம், இன்னொருத்தியின் இரவை வாங்கியதுதான்.

அவள் சுகமாகி வந்தபின் பழைய கட்டுரைகளுக்கும் சேர்த்து, கிடைத்த பணத்தில் பாதியைக் கணக்குப் பார்த்துக் கொடுத்தேன். முழுவதையுமே கொடுத்திருக்க வேண்டும் என்பது மனைவியின் அபிப்பிராயம். அதைப் பற்றி இன்னும் வீட்டில் தர்க்கம் உண்டு. வாடிக்கையாளர் இருவருக்கும், இரவு ஒன்பதிலிருந்து காலை ஆறுவரை பதில் எழுதமாட்டேன் என்று அறிவித்தேன். மெல்பேண்காரர் ஒரு மாதத்தில் விலகினார். ரொறன்ரோக்காரரிடமிருந்து அதைப் பற்றி ஒரு வார்த்தையும் வரவில்லை. எத்தனை வருஷம் தேவையின்றிக் கண்விழித்தேன் என்று எண்ணிச் சிரிப்பும் எரிச்சலும் வந்தன. வருமானம் ஏறத்தாழ அரைவாசியாயிற்று. மகள் இப்போது வாய்பாட்டை என்னிடம் ஒப்புவிப்பதில்லை; அந்த வயதைக் கடந்துவிட்டாள்.

சென்ற மாதம், எங்கள் பகுதியில் இத்தொழில் செய்யும் ஆறுபேர் வாசிகசாலையில் கூடினோம். அந்தப் பிள்ளையும் வந்திருந்தாள். இன்ன விலைக்குக் கீழ் எழுதுவதில்லை, இரவு ஒன்பதுக்குப் பின் ஒருவருக்கொருவர் வேலை அனுப்புவதில்லை என்று ஒரு இணக்கத்துக்கு வரலாமா என்பதே பேச்சு.

"அண்ணை, நாங்கள் மாட்டம் எண்டால் வேறை நாட்டிலை ஒருத்தன் செய்வான். அவனும் மாட்டன் எண்டால் இப்ப மெசினே எழுதும்" என்றான் ஒரு இளைஞன். அவன் சொன்னது பொய்யன்று. செயற்கை நுண்ணறிவு வந்தபின் கட்டுரை விலை விழுந்துகொண்டிருக்கின்றது. எனக்கு உடனே பதில் வரவில்லை.

"அப்பிடியெண்டால் விலை விழுந்தாலும் ஆறுபேருக்கும் ஒண்டா விழட்டும்" என்றாள் அவள்.

ஒரு கொப்பியில் விலையை எழுதினோம். நால்வர் ஒப்பமிட்டனர். இருவர் வருகிற கிழமை சொல்வதாகக் கூறினர். அவர்களோடு மேலும் வாதிட எண்ணினேன். அதற்குள் வாசிகசாலைப் பொறுப்பாளர் திறப்புக்கோவையுடன் வந்து நின்றார்.

"எட்டு மணியாச்சுது தம்பியவை. பூட்டவேணும்."