செப்புக்குடமும் கிருமியின் காவலும்

ஆடி 4

வேலூரை அடுத்த அணைக்கட்டிலும் ஒடுகத்தூர்ச் சாலையோரத்து ஊர்களிலும் உள்ள பழைய வீடுகளில், குடிநீருக்கென்றே ஒரு செப்புக்குடத்தைத் தனியாக வைத்து, புளியும் சாம்பலும் இட்டுக் களிம்பு நீங்கத் துலக்கி, இரவில் நீர் நிரப்பி, விடிந்ததும் அதையே முதலில் அருந்தும் வழக்கம் இன்னும் அற்றுப் போகவில்லை. இதனை வெறும் ஆசாரம் என்று தள்ளுவோரும் உண்டு. சர்வரோக நிவாரணி என்று போற்றுவோரும் உண்டு. 2012-ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆராய்ச்சி இரு சாராருக்கும் பதில் தருகிறது. பெங்களூரில் பாரம்பரிய மருத்துவத்தை ஆராயும் நிறுவனம் ஒன்றைச் சேர்ந்த பத்மா வெங்கடசுப்ரமணியனும் அவருடன் உழைத்தவர்களும், காலரா, டைபாய்டு, சீதபேதி ஆகியவற்றை விளைக்கும் கிருமிகளை நீரில் கலந்து செப்புக்குடத்தில் 16 மணி நேரம் வைத்திருந்து சோதித்தபோது, அவற்றுள் ஒன்றையும் மீண்டும் வளர்த்தெடுக்க இயலவில்லை. அந்நீரில் கரைந்திருந்த செம்போ லிட்டருக்கு ஏறத்தாழ 177 மைக்ரோகிராம். உலக சுகாதார நிறுவனம் அனுமதிக்கும் 2 மில்லிகிராமில் இது பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு.

நமக்கு ஒரு தீங்கும் செய்யாத இந்தச் சொற்ப அளவு கிருமியை எவ்வாறு மாய்க்கிறது என்ற கேள்வி இரவெல்லாம் மனத்தில் நின்றது.

ஆடி 7

செம்பு கிருமிக்கு விஷம் என்று சொல்லி நிறுத்தினால் பாதி உண்மையைச் சொன்னதாகவே ஆகும். நம் குடலில் வாழும் ஈ.கோலை என்னும் பாக்டீரியாவின் சுவாசத்திற்கு உதவும் முக்கியமான நொதி ஒன்று செம்பில்லாமல் இயங்காது. ஆகவே செம்பை முற்றிலும் விலக்கவும் அதற்கு வழியில்லை. தாராளமாக உள்ளே விடவும் வழியில்லை. 1953-இல் இர்விங், வில்லியம்ஸ் என்ற இரு ரசாயன அறிஞர்கள் வரிசைப்படுத்திக் காட்டியபடி, மாங்கனீசு, இரும்பு, கோபால்ட், நிக்கல், துத்தநாகம் ஆகிய உலோகங்களைக் காட்டிலும் செம்பு மற்றப் பொருள்களோடு இறுகப் பற்றும் சுபாவமுடையது. காவலின்றித் திரியும் செம்பு, பிற உலோகங்களுக்குரிய ஆசனங்களில் தானே சென்று அமர்ந்துவிடும். இரும்பும் கந்தகமும் கூடிய நுண்ணிய முடிச்சுகளைத் தாங்கிய சில நொதிகள் இதனால் முதலில் சிதைகின்றன என்பதையும், அமினோ அமிலங்கள் சிலவற்றின் உற்பத்தி அதனால் தடைப்படுகிறது என்பதையும் மாக்கோம்பர், இம்லே என்ற ஆய்வாளர்கள் 2009-இல் நிரூபித்தார்கள்.

இந்த அபாயத்தை அறியும் பொருட்டு அந்த அற்ப ஜீவன் வைத்திருக்கும் ஏற்பாட்டைப் படிக்கப் படிக்க வியப்பு மிகுகிறது. அதன் டி.என்.ஏ. இழையின் மேல் ஒரு காவற்புரதம் எப்பொழுதும் அமர்ந்திருக்கிறது. செப்பணு ஒன்று வந்து அதன் இரு கந்தக முனைகளுக்கிடையே சிக்கியவுடன் அப்புரதம் உருத்திரிந்து, தான் பற்றியிருக்கும் இழையையும் முறுக்கி வளைக்க, அதுவரை வாசிக்கப்படாமல் கிடந்த மரபணுக்கள் வாசிக்கப்படுகின்றன. அவற்றுள் ஒன்றிலிருந்து, உயிரணுவின் சக்தியைச் செலவிட்டுச் செம்பை வெளியேற்றும் பம்பு பிறக்கிறது. மற்றொன்றிலிருந்து, கொடிய வடிவிலுள்ள செம்பைக் கொடுமை குறைந்த வடிவாக மாற்றும் நொதி பிறக்கிறது. வெளிச்சுவருக்கும் உட்சவ்வுக்கும் இடைப்பட்ட வெளியில் சேரும் செம்பை உணர்ந்து நேரே புறத்தே தள்ளுவதற்கு வேறொரு காவலும் வேறொரு பம்பும் தனியாக உள்ளன. பிராணவாயு இல்லாத இடத்தில், செம்பின் கொடுமையைக் குறைக்கும் அந்த நொதி வேலை செய்யாதாகையால், குடலினுள் இந்த இரண்டாவது காவலே பெரும் பொறுப்பை ஏற்கிறது.

அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் ஓ'ஹாலரன், மாண்ட்ரகோன் முதலியோர் 2003-இல் அளந்து கண்டது இதைவிடப் பெரிது. ஈ.கோலையின் உடலுக்குள் ஒரேயொரு செப்பணு தனித்துத் திரிந்தால் உண்டாகும் செறிவு எதுவோ, அதைக் காட்டிலும் சுமார் லட்சம் கோடி மடங்கு குறைந்த செறிவுக்கே அந்த முதற்காவற்புரதம் விழித்துக்கொள்கிறது. அதாவது, தனித்துத் திரியும் செப்பணு ஒன்றுகூட உள்ளே இருக்கலாகாது என்பதே அதன் விதி. இதைப் படித்துவிட்டுப் புத்தகத்தை மூடி வெகு நேரம் உட்கார்ந்திருந்தேன்.

ஆடி 8

க்ஷயரோகக் கிருமியிடமும் இத்தகைய காவல் இருக்கிறது. 2007-இல் கண்டறியப்பட்ட அதன் காவற்புரதம் செம்பு வந்ததும் இழையை விட்டு விலகி வழிவிடுகிறது. நம் உடலின் வெள்ளணு, தான் விழுங்கிய கிருமியைக் கொல்லச் செம்பையும் ஆயுதமாகப் பிரயோகிக்கிறது. செம்பைத் தன் உடலில் சேரவிடாமல் காக்கும் புரதத்தை இழந்த க்ஷயக் கிருமி கினிப் பன்றிகளிடம் வலிமை குன்றியது என்று 2011-இல் தெரிய வந்தது.

ஆடி 15

வேலூர் லாங் பஜாரில் பளபளக்கும் செப்புப் பாத்திரங்களைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். இவ்வளவு கூர்மையான காவல் இருந்தும் கிருமி குடத்தில் மாய்வதேன் என்று வழியெல்லாம் யோசித்தேன். காவற்புரதம் செய்தி சொன்னாலும், புதிய பம்புகளைக் கட்டவும் இயக்கவும் உணவும் சக்தியும் வேண்டும். வெறுநீரில் அவை ஏது? பக்கமெல்லாம் செம்பாக இருக்க, வெளியே தள்ளியது மீண்டும் உள்ளே வரும். எனக்கு இதுவே தக்க விளக்கமாகத் தோன்றுகிறது. ஆனால் நிறைய உணவும் நீண்ட அவகாசமும் கிடைத்தால் கிருமியின் கை ஓங்கும்: ஆஸ்திரேலியாவில் தீவனத்தோடு செம்பின் உப்பாகிய மயில்துத்தம் ஊட்டப்பட்ட பன்றிகளிடம், கூடுதலான செப்பெதிர்ப்பு மரபணுக்களைப் பெற்ற ஈ.கோலை தோன்றியிருந்ததை 1983-இல் கண்டார்கள்.

அதே 1983-இல், ஈயம் பூசாத பித்தளை, செம்புப் பாத்திரங்களில் காய்ச்சிய பாலால் நம் நாட்டுக் குழந்தைகளின் கல்லீரல் கெடுவதாக டானர் என்ற ஆய்வாளரும் புனே மருத்துவர்களும் எழுதினார்கள். பால் செம்பை வெகுவாகக் கவர்ந்துகொள்ளும். புளிப்பு அதைக் கரைத்தெடுக்கும். நீருக்கு உதவும் பாத்திரம் பாலுக்கும் மோருக்கும் ஆகாது.

இன்னொன்றும் நம் பகுதியார் நினைவில் வைக்க வேண்டும். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைத் தோல் தொழிற்சாலைகளின் கழிவு பாலாற்றுப் படுகையைக் கெடுத்ததைக் குறித்து, வேலூர் மக்கள் நல அமைப்பு தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28-இல் தீர்ப்பளித்தது. அக்கழிவின் உப்பையும் குரோமியத்தையும் செப்புக்குடம் அணுவளவும் நீக்காது. ஆகையால் குடத்தை நம்புவோர், கிணற்று நீரையும் ஆழ்குழாய் நீரையும் முதலில் பரிசோதனைக்கு அனுப்பி, உப்பும் குரோமியமும் எவ்வளவு என்று கேட்டறிந்த பின்னரே அதில் நிரப்ப வேண்டுகிறேன்.