பி.எம்.ஜி. ஏற்றத்தில் கேட்கும் சத்தம்

திருவனந்தபுரத்தில் பிளாமூட்டிலிருந்து பி.எம்.ஜி. சந்திப்புக்கு ஏறும் சாலையில், ஒரு பழைய அம்பாசடரோ கார்புரேட்டர் வைத்த மாருதி 800-ஓ கியரை இறக்க மனமில்லாத ஓட்டுநரிடம் அகப்பட்டுக்கொண்டால், தகரத்தின் மேல் கூழாங்கல் உருள்வது போன்ற சத்தம் என்ஜினுக்குள்ளிருந்து எழும். பணிமனைகளில் நாக்கிங் என்று சொல்லப்படும் இச்சத்தத்துக்கு விலை கூடிய பெட்ரோல், கெட்டியான ஆயில் என்று இரண்டு மருந்துகளே வழக்கமாகச் சொல்லப்படுகின்றன. முதலாவது பெரும்பாலும் நோயை மறைக்கிறது, இரண்டாவது பல வேளைகளில் வேறொரு நோய்க்கு உரியது.

பிளக்கில் பொறி விழுந்ததும் தீ ஒரு முனையிலிருந்து மறு முனைக்குச் சீராகப் பரவ வேண்டும். அது சென்று சேருமுன்பே, மூலையில் மிஞ்சிய கலவை அழுத்தத்தாலும் வெப்பத்தாலும் தானாகவே பற்றிக்கொண்டால் சிலிண்டருக்குள் அழுத்த அலைகள் மோதுகின்றன, அந்த அதிர்வுதான் காதில் விழுகிறது. இப்படித் தானாகப் பற்றாமல் தாக்குப்பிடிக்கும் பெட்ரோலின் ஆற்றலையே ஆக்டேன் எண் குறிக்கிறது: எளிதில் பற்றாத ஐஸோ ஆக்டேனுக்கு 100 என்றும், உடனே பற்றிவிடும் நார்மல் ஹெப்டேனுக்கு 0 என்றும் வைத்துக்கொண்டு, சோதனை என்ஜின் ஒன்றில் பெட்ரோலை இவ்விரண்டின் கலவைகளோடு ஒப்பிட்டு அந்த எண்ணைத் தருகிறார்கள். அது பெட்ரோலின் வலிமையையோ தூய்மையையோ அளப்பதன்று, ஆனால் பங்க்கில் நிற்பவர்களில் பாதிப்பேர் அப்படித்தான் நம்புகிறார்கள்.

அமெரிக்காவில் 1921-இல் நாக்கிங்கைத் தடுப்பதாகத் தாமஸ் மிட்ஜ்லி கண்டறிந்த ஈயச் சேர்மம் பல பத்தாண்டுகள் இந்த எண்ணை உயர்த்தித் தந்தது. இந்தியாவிலும் 87, 93 என்ற இரு தரங்களில் ஈயம் கலந்த பெட்ரோல் விற்கப்பட்டது. 1995-இல் நான்கு பெருநகரங்களில் ஈயமற்ற பெட்ரோல் வந்து, 2000 பிப்ரவரியில் நாடு முழுவதும் ஈயம் நின்றபோது, பழைய கார்கள் இனி ஏற்றத்தில் கதறும் என்ற அச்சம் பரவலாக இருந்தது. அச்சப்பட வேறு இடம் உண்டு: வார்ப்பிரும்பு ஹெட்டில் எக்ஸாஸ்ட் வால்வு அமரும் இருக்கையை ஈயப் படிவு தேயாமல் காத்துவந்தது, அந்தக் காப்பு போயிற்று. நாக்கிங்கைப் பொறுத்தவரை நடந்தது நேர்மாறானது. பி.எஸ். 2 என்ற மாசு விதியின் காலத்தில் 88 ஆக இருந்த ஆக்டேன் பிறகு 91 ஆகி, இருபது விழுக்காடு எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோலில் 95 என்று அரசே சொல்கிறது. மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டின் வழிவந்த 1489 சி.சி. அம்பாசடர் என்ஜினின் அழுத்த விகிதமோ, அதாவது கலவை எத்தனை மடங்கு நெருக்கப்படுகிறது என்ற கணக்கோ, பெரும்பாலும் எட்டுக்குக் கீழேதான். தான் கேட்டதைவிட உயர்ந்த பெட்ரோலைக் குடித்துக்கொண்டே ஒரு கார் தட்டுகிறதென்றால், குற்றத்தைப் பெட்ரோலில் தேடுவது வீண் வேலை.

தேட வேண்டிய இடங்கள் என்ஜினுக்குள் இருக்கின்றன. பல்லாண்டுகளாகப் படிந்த கரி, எரியறையின் இடத்தை அடைத்து அழுத்த விகிதத்தை உயர்த்துவதோடு, தணல்போலக் கனன்று கலவையை முன்கூட்டியே மூட்டவும் செய்யும். டிஸ்ட்ரிபியூட்டரில் எடைகளின் ஸ்பிரிங் தளர்ந்தால் பொறி சீக்கிரம் விழும். ரேடியேட்டர் பாதி அடைபட்டிருந்தால் ஹெட் அளவுக்கு மீறிச் சூடாகும். பழைய மெக்கானிக்குகள் ஏற்றத்தில் இலேசாகத் தட்டும்வரை, பொறி விழும் நேரமான டைமிங்கை முன்னே தள்ளி, பிறகு ஒரு நூல் பின்னே இழுத்து வைப்பார்கள்; கருவி இல்லாத அந்த முறையில் இன்றும் குறை சொல்ல அதிகமில்லை. நாக்கிங்கை உணர்ந்து டைமிங்கைத் தானே திருத்தும் சென்சார் இக்கார்களில் இல்லாததால், ஆக்டேன் கூடிய பெட்ரோலை ஊற்றிவிட்டு டைமிங்கைத் தொடாமல் விட்டால் சத்தம் அடங்கலாமே தவிர இழுவை கூடாது.

எத்தனால் விஷயம் சற்று நின்று பார்க்கத் தக்கது. தன் ஆக்டேனாலும், ஆவியாகும்போது கலவையைக் குளிர்விக்கும் தன்மையாலும் அது நாக்கிங்கைக் குறைக்கிறது. ஆனால் தனக்குள் ஆக்ஸிஜனைச் சுமந்து வருவதால், அதற்கேற்ப அளவைத் திருத்தத் தெரியாத கார்புரேட்டரில் கலவை பெட்ரோல் குறைந்து மெலிந்துபோகிறது, பழைய ரப்பர்க் குழாய்களும் டயாஃப்ரமும் இற்றுப்போகின்றன. ஜூனில் ஒன்றும் அக்டோபரில் ஒன்றுமாக இரண்டு பருவமழை பெறும் இந்நகரத்தில், மூடி சரியாக அடையாத டேங்கோடு மாதக்கணக்கில் நிறுத்திவைத்த காரில் இன்னொரு வினை உண்டு. எத்தனால் ஈரத்தை இழுக்கும். நீர் ஓர் அளவைத் தாண்டியதும் எத்தனாலும் நீரும் சேர்ந்து அடியில் தனி அடுக்காகப் பிரிந்துவிட, மேலே மிஞ்சும் பெட்ரோல் தன் ஆக்டேனில் ஒரு பகுதியை எத்தனாலோடு இழந்து நிற்கிறது. மழை ஓய்ந்து வெளியே எடுத்த கார் திடீரெனத் தட்டத் தொடங்கினால், விலை கூடிய பெட்ரோலை அதன்மேல் ஊற்றுவதைவிட டேங்கை வடித்துக் காலிசெய்வதே சிக்கனம். பெயரிலேயே 95 என்ற எண்ணைத் தாங்கிய தனிப்பெட்ரோலுக்குக் கூடுதல் விலை கொடுப்பவர், சாதாரணப் பெட்ரோலும் அந்த எண்ணை எட்டிவிட்ட பின், கரி படியாமல் தடுக்கும் அதன் சுத்திகரிப்புச் சேர்மானத்துக்குத்தான் பணம் கொடுக்கிறார்; அதுவும் பயனற்றதன்று.

என்ஜின் ஆயில் நாக்கிங்கை நேராகத் தொடுவதில்லை. டாப்பெட் இடைவெளி கூடியோ கனெக்டிங் ராட் பேரிங் தேய்ந்தோ எழும் தட்டலையும் சிலர் நாக்கிங் என்றே சொல்வதால், கெட்டி ஆயில் அதை அமுக்கும்போது மருந்து பலித்ததாகத் தோன்றுகிறது. பேரிங் தேய்வது நிற்பதில்லை. ஆனால் சுற்றுவழியில் ஆயிலுக்குப் பங்குண்டு. தேய்ந்த ரிங் வழியாகவும் வால்வு கைடு வழியாகவும் எரியறைக்குள் ஏறும் ஆயில் எளிதில் பற்றும் தன்மையுடையதாதலால் கலவையின் ஆக்டேனை இறக்குகிறது, எரிந்து கரியையும் விட்டுச்செல்கிறது. சைலன்சரில் நீலப்புகை தெரிந்தால் இதுதான் நடக்கிறது. 20டபிள்யூ-40 என்பதில் முதல் எண் குளிரில் ஆயில் எவ்வளவு இளகி ஓடும் என்பதையும், இரண்டாவது எண் 100 டிகிரி செல்சியஸில் எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்பதையும் காட்டுகின்றன. உறைகுளிர் என்பதே அறியாத இவ்வூரில் முதல் எண்ணைப் பற்றிய கவலை சிறிதே. ரிங் நன்றாயிருக்கும் அம்பாசடருக்கு 20டபிள்யூ-40 போதும், தேய்மானம் தொடங்கியதற்கு 20டபிள்யூ-50 ஆயில் ஏறுவதைச் சற்றே குறைக்கும். புதுக்கார்களுக்கென்று வந்த 5டபிள்யூ-30 சிந்தெடிக் ஆயிலை விலை கூடியது என்பதற்காகவே இதில் ஊற்றுவது பெரும்பாலும் புகையைத்தான் பெருக்கும்.

டைமிங் சரியா என்று பார்க்க, நெடுமங்காடு, விதுரை வழியாகப் பொன்முடிக்குப் போய்வரலாம் என்று நினைப்பவர், கல்லாற்றைத் தாண்டி வரும் முதல் சில கொண்டை ஊசி வளைவுகளிலேயே காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும். மேலே போகப்போகக் காற்று இலேசாகிச் சிலிண்டருக்குள் அழுத்தம் குறைவதால், அடிவாரத்தில் தட்டிய என்ஜின்கூட உச்சியில் அடங்கிவிடும்.