மடிப்பையும் மார்கழிப் பயணமும்

சீத்தா கேம்ப்பில் மார்கழி பிறந்துவிட்டதை நாம் குளிரால் அறிவதில்லை. மின்விசிறியின் வேகத்தை ஒரு படி குறைத்துக்கொள்கிறோம். அவ்வளவே இங்குள்ள பனிக்காலம். மார்கழி வந்ததைத் தெருமுனையில் நிற்கும் வேன்களே நமக்கு அறிவிக்கின்றன. சந்துக்குள் நுழைய இடமில்லாத அவ்வண்டிகள் பெரிய சாலையின் ஓரத்தில் நிற்க, பெட்டிகளும் அரிசிப் பைகளும் புதுப் போர்வைகளும் தலைச்சுமையாக அங்கே போய்ச் சேர்கின்றன. ரயிலில் இடம் கிடைத்தவர் பாக்கியசாலிகள். முன்பதிவு தொடங்கிய சில நிமிடங்களில் இடம் தீர்ந்துபோவதைக் கண்டு அலுத்த குடும்பங்கள், இரண்டு மூன்றாகச் சேர்ந்து வண்டி பேசிக்கொண்டு சாலைவழியே ஊர் செல்லும் வழக்கம் நம்மிடையே பெருகியிருக்கிறது.

2023 டிசம்பரில் நாங்களும் அவ்வாறே புறப்பட்டோம். மூன்று குடும்பங்கள், குழந்தைகள் உட்படப் பதினோரு பேர், ஓட்டுநர் இருவர். ஸ்ரீவைகுண்டத்துக்கு அருகே எங்கள் உறவினர் வீட்டில் ஒரு திருமணம். அப்பயணத்தில் நாங்கள் செய்த பிழையையும், எங்களுடன் வந்த ஆச்சி செய்த சரியான காரியத்தையும் இவ்வாண்டு ஊருக்குப் புறப்படும் அன்பர்களுக்குச் சொல்லிவைக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆச்சிக்கு அப்போது வயது எழுபத்தைந்து. சர்க்கரை நோய்க்கு இரு வேளையும் இன்சுலின் ஊசி போட்டுக்கொள்பவர். எங்கு சென்றாலும், துணிக்கடை தந்த ஒரு பழைய மஞ்சள் பையை மடியில் வைத்துக்கொண்டே உட்காருவார். வண்டியில் ஏறியதும் இளைஞர் ஒருவர் அதை வாங்கி மேலே வைக்க முற்பட்டார். ஆச்சி விடவில்லை. “ஏலே, மடியில இருக்கதுதாம்ல நம்ம சாமான், மத்ததெல்லாம் வண்டிச் சாமான்” என்றார். நாங்கள் சிரித்தோம்.

அந்தச் சொல்லுக்குப் பின்னால் ஒரு வரலாறு உண்டு. சீத்தா கேம்ப் நாமாகத் தேடி வந்து குடியேறிய இடமன்று. இங்குள்ள மூத்த குடும்பங்கள் பல முன்பு மான்கூர்டுக்கு அருகே ஜனதா காலனியில் வாழ்ந்தவை. அணுசக்தி ஆராய்ச்சி நிலையத்துக்கு அந்நிலம் வேண்டுமென்று காலனியை அகற்ற முயன்றபோது, கோலார் தங்கவயலிலிருந்து பம்பாய்க்கு வந்த ஜோக்கின் அற்புதம் என்னும் தமிழ் இளைஞர் மக்களைத் திரட்டி, நீதிமன்றத்திலும் தெருவிலும் டில்லியிலும் பல ஆண்டுகள் போராடினார். (பிற்காலத்தில், 2000-ஆம் ஆண்டில் மகசேசே விருது பெற்றவரும், 2018-இல் மறைந்தவருமான அதே ஜோக்கின்தான்.) ஆயினும் 1975 ஜூனில் நாடெங்கும் அவசரநிலை வந்தது. 1976 மே மாதம் போலீஸார் சூழ்ந்து நிற்க ஜனதா காலனி இடித்துத் தள்ளப்பட்டது. ஏறத்தாழ 70,000 பேர் சில கல் தொலைவிலுள்ள சதுப்பு நிலத்துக்குப் பெயர்க்கப்பட்டனர். அந்தச் சதுப்புதான் சீத்தா கேம்ப். குப்பையும் செம்மண்ணும் கொட்டி நாம் மேடாக்கிய பூமி இது.

அன்று ஆச்சி கைக்குழந்தைக்காரி. பாத்திரங்கள் ஒரு லாரியில் ஏறின. துணிப்பெட்டி மற்றொரு லாரியில் ஏறியது. ரேஷன் கார்டும் குழந்தையின் மருந்தும் அந்தத் துணிப்பெட்டிக்குள் இருந்தன. பாத்திரங்கள் வந்து சேர்ந்தன. பெட்டி வந்து சேரவே இல்லை. குழந்தை பிழைத்தது அக்கம்பக்கத்தாரின் தயவால். அதன்பின் நாற்பத்தேழு ஆண்டுகளாக அந்த மஞ்சள் பையோ, அது கிழிந்தால் அதுபோன்ற வேறொன்றோ, ஆச்சியின் மடியை விட்டு இறங்கியதில்லை. இந்தக் கதை எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் நாங்கள் சிரித்தோம் என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறோம்.

டிசம்பர் 15-ஆம் நாள் வெள்ளிக்கிழமை இரவு புறப்பட்டோம். வழி நம்மவர்க்குப் பழக்கமானதே: புனே, சாத்தாரா, கோலாப்பூர், பெலகாவி, ஹூப்ளி, சித்ரதுர்கா, பெங்களூர் என்று 48-ஆம் எண் நெடுஞ்சாலை, பின்னர் ஓசூர், கிருஷ்ணகிரி, தொப்பூர்க் கணவாய், சேலம், மதுரை என்று 44-ஆம் எண். மொத்தம் சுமார் 1,600 கிலோமீட்டர். கடல் மட்டத்தில் வாழ்ந்து பழகிய நாம் பெலகாவியைத் தொடும்போதே இரண்டாயிரம் அடிக்கு மேல் ஏறிவிடுகிறோம். பெங்களூரோ மூவாயிரம் அடி. மார்கழி விடியலில் அங்கெல்லாம் அடிக்கும் காற்று பம்பாய்த் தோலுக்குப் புதிது. சனிக்கிழமை இரவு சித்ரதுர்காவுக்கு அருகே டயர் பழுதாகி மூன்று மணி நேரம் நின்றபோது, போர்வைகள் எல்லாம் வண்டியின் கூரைமேல் தார்ப்பாயின் அடியில் இருப்பது நினைவுக்கு வந்தது. கல்யாணப் பட்டுப்புடவைகளை எடுத்துக் குழந்தைகளுக்குப் போர்த்தினோம். அப்போதாவது விழித்துக்கொண்டிருக்க வேண்டும். விடிந்ததும் ஓசூர்ப் பக்கம் பனிமூட்டம் பாலாக இறங்கியிருந்தது. அதன் அழகில் இரவின் பாடம் மறந்துபோயிற்று.

ஞாயிறு மாலை மதுரையைக் கடக்கும்போது மழை பிடித்துக்கொண்டது. சேலத்திலேயே கட்டுச்சோறு தீர்ந்திருந்தது. இரவுக்குள் ஊர் சேர்ந்துவிடுவோம், வீட்டில் சாப்பாடு காத்திருக்கும் என்ற தைரியத்தில் வேறு எதுவும் வாங்கவில்லை. மணி எட்டானதும், வழக்கப்படி ஆச்சிக்கு ஊசியைப் போட்டோம். உணவு கைக்கு வருமுன் ஊசி போடலாகாது என்று மருத்துவர் எத்தனையோ முறை சொல்லியிருந்தும், கடிகாரத்தைப் பார்த்தோமேயன்றி இலையைப் பார்க்கவில்லை.

கோவில்பட்டியைத் தாண்டியதும் சாலையும் வானமும் ஒன்றாயின. விளக்கொளியில் நீர்த்திரை தவிர வேறொன்றும் தெரியவில்லை. மேடான ஓரிடத்தில் மூடிக்கிடந்த பெட்ரோல் பங்க் ஒன்றைக் கண்டு ஓட்டுநர் வண்டியை ஒதுக்கினார். மின்சாரம் இல்லை. கைப்பேசிகளில் சமிக்ஞை இல்லை. சிறிது நேரத்துக்கெல்லாம் ஆச்சிக்கு வியர்க்கத் தொடங்கிற்று, கை நடுங்கிற்று, பேச்சு குழறிற்று. ஊசி தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. வயிற்றில் உணவோ இல்லை. பிஸ்கட், சர்க்கரை, குளுக்கோஸ், முதலுதவிப் பெட்டி, டார்ச்சு விளக்கு அனைத்தும் எங்களிடம் இருந்தன. ‘அவசரச் சாமான்’ என்று எழுதி ஒட்டிய அருமையான அட்டைப்பெட்டி ஒன்றில், வண்டியின் கூரைமேல், பதினாறு பெட்டிகளுக்கு அடியில் இருந்தன. அந்தக் காற்றிலும் இருட்டிலும் கூரைமேல் ஏறக் காலெடுத்து வைத்த ஓட்டுநர் வழுக்கி விழுந்து முழங்கையைக் காயப்படுத்திக்கொண்டதுதான் மிச்சம்.

அப்போது ஆச்சியின் விரல்கள் மஞ்சள் பையின் முடிச்சைத் தேடின. நாங்கள் அவிழ்த்தோம். உள்ளே கருப்பட்டித் துண்டு இரண்டு, ஒரு பொட்டலம் அவல், மெழுகுவத்தி, பிளாஸ்டிக் தாளில் சுற்றிய தீப்பெட்டி, தண்ணீர்ப் புட்டி, மாத்திரைகள், மருந்துச் சீட்டு, ரேஷன் கார்டின் நகல், தொலைபேசி எண்கள் எழுதிய காகிதம், மடித்த பழஞ்சேலை. நினைவு தப்புமுன் கருப்பட்டியை நீரில் கரைத்து மெல்ல மெல்லப் புகட்டினோம். கால்மணி நேரத்தில் வியர்வை அடங்கியது. பின்னர் நனைத்த அவலைச் சாப்பிட்டார். அரை மணி கழித்து எங்களை ஒவ்வொருவராகப் பார்த்துவிட்டு, “பிள்ளையளுக்குக் கொடுத்தியளா?” என்று கேட்டார்.

அன்றிரவு பெய்த மழையின் அளவைப் பின்னரே அறிந்தோம். டிசம்பர் 18-ஆம் நாள் காலையுடன் முடிந்த இருபத்துநான்கு மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் பதிவானது 95 சென்டிமீட்டர். 2005 ஜூலை 26-ஆம் நாள் பம்பாய் சாந்தாகுரூஸில் பெய்தது 94.4 சென்டிமீட்டர். வாழவந்த ஊரை மூழ்கடித்த அதே அளவு மழை பிறந்த ஊரையும் தேடி வந்துவிட்டது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட விரைவு ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோய், ஏறத்தாழ 800 பயணிகள் வெள்ளத்தின் நடுவே சிக்கினர். அக்கம்பக்கத்து ஊர்மக்கள் தம் வீடுகளே நனைந்திருந்த நிலையிலும் அவர்களுக்குச் சோறு சமைத்துக் கொடுத்தனர். நாங்கள் அந்தப் பெட்ரோல் பங்கில் ஒன்றரை நாள் இருந்தோம். மழை சற்று ஓய்ந்த பகலில் அட்டைப்பெட்டி கீழே இறங்கியது, பிஸ்கட் கூழாகியிருந்தது. ஊருக்குப் போய்ச் சேர்ந்தபோது திருமண நாள் கடந்திருந்தது. மாப்பிள்ளை வீட்டாரும் வேறோரிடத்தில் சிக்கியிருந்ததால் திருமணம் தையில் நடந்தது.

திரும்பி வந்ததும் எங்கள் தெருவில் ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். சாமான் எவை என்பதைவிட அவை எங்கே இருக்கின்றன என்பதையே முதலில் பார்க்கிறோம். உயிர்காக்கும் பொருள் எதுவும் கூரைமேல் ஏறுவதில்லை. ஆளுக்கொரு மடிப்பை, குழந்தைக்கும் ஒன்று. அதில் ஒரு நாளைக்கான நீர், அவல் அல்லது பொரிகடலை, வெல்லம், தம் மருந்து, ஒரு போர்வை. இன்சுலினை ஓட்டுநருக்கு முன்னுள்ள பலகையில் வைக்கலாகாது. எஞ்சின் சூடும் வெயிலும் அதைக் கெடுத்துவிடும். ஈரத்துணி சுற்றிய சிறு மண்கலயத்தில், நீர் புகாத உறையிலிட்டு இருக்கையின் கீழ் வைத்தால் குளுமை நிற்கும். இருக்கைகளின் அடியில் கயிறு, டார்ச்சு, முக்கோண எச்சரிக்கைப் பலகை, ஜாக்கி. ஓட்டுநரின் கையெட்டும் தொலைவில் ஒரு சுத்தியல். 2005 வெள்ளத்தில் கண்ணாடியை இறக்க முடியாமல் கார்களுக்குள்ளேயே மூச்சடைத்து மாண்டவர்களை நினைத்தால், ஒரு சுத்தியலின் விலை பெரிதன்று.

மற்றொரு பழக்கத்தையும் விட்டோம். குளிருக்கும் கொசுவுக்கும் பயந்து, நின்ற வண்டியில் கண்ணாடிகளை அடைத்து எஞ்சினை ஓடவிட்டு உறங்குவது நம்மவர் பலரின் வழக்கம். புகைக்குழாயிலிருந்து கசியும் கார்பன் மோனாக்ஸைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. உறங்கியவர் உறங்கியபடியே போய்விடுவர். கனடாவில் குடியேறிய தமிழர்கள் பனிக்காலத்தில் காரின் பின்பெட்டியில் மண்வாரி, மணல், கம்பளி, மெழுகுவத்தி எல்லாம் வைத்திருப்பார்கள். பனியில் புதைந்த வண்டியின் புகைக்குழாயைத் தோண்டி விடுவிக்காமல் எஞ்சினை முடுக்கலாகாது என்பது அங்கே சிறுவர்க்கும் தெரிந்த பாடம். நமக்குப் பனி இல்லை. ஆயினும் புகையும் சேறும் உண்டு.

நெடுஞ்சாலையில் உதவிக்கு 1033, எந்த ஆபத்துக்கும் 112, ஆம்புலன்ஸுக்கு மகாராஷ்டிரம், கர்நாடகம், தமிழ்நாடு மூன்றிலும் 108. இவற்றைக் கைப்பேசியில் மட்டுமன்றிக் காகிதத்திலும் எழுதிவைப்பது நலம். பிறர் கைப்பேசியை வாங்கிப் பேசவேண்டிய நேரமும் வரும். சில்லறை நோட்டுகளாக ஓராயிரம் ரூபாயேனும் இருக்கட்டும். மின்சாரமற்ற அந்தப் பெட்ரோல் பங்குக்கு எதிரிலிருந்த தேநீர்க்கடைக்காரர் மறுநாள் கடை திறந்தபோது எங்களிடம் இருந்ததெல்லாம் கைப்பேசிப் பணந்தான். அவரோ காசே கேட்கவில்லை. பிள்ளைகளுக்குப் பால் காய்ச்சிக் கொடுத்துவிட்டு, போகும்போது கொடுங்கள் என்றார்.

இழுவைக் கயிறு ஒன்றும், பெரிய டார்ச்சு இரண்டும், எச்சரிக்கைப் பலகை ஒன்றும், மண்கலயங்கள் நான்கும் நம் சங்க அறையில் இருக்கின்றன. ஊர் செல்லும் குடும்பத்தார் பெயரைப் பதிந்து எடுத்துச் செல்லலாம். தை பத்தாம் நாளுக்குள் திருப்பித் தரவேண்டும். மஞ்சள் பைகளை ஆச்சி தைத்துக்கொண்டிருக்கிறார். துணி கொண்டு வருபவர்க்குக் கூலி இல்லை.