வரி எண்ணிக் கூலி

வரி என்றதும் வருமான வரியோ என்று காமர்ஸ் மக்கள் பதற வேண்டாம். இது மென்பொருளின் மூலநிரலில் இருக்கும் வரி.

துணியை மீட்டரில் அளக்கலாம், அரிசியை எடை போடலாம். கையில் பிடிக்க முடியாத மென்பொருளை எப்படி அளப்பது? புரோகிராமர்கள் எழுதிய வரிகளை எண்ணிவிட்டால் போச்சு என்று வெகுகாலம் முன்பே ஒரு வழி பிறந்தது. ஆயிரம் வரிக்கு 'கே-லாக்' என்று பெயரும் வைத்தார்கள்.

ஆனால் எது ஒரு வரி? சி மொழியில் "இதை நூறு முறை செய்" என்பதை ஒரே வரியில் எழுதலாம். அடைப்புக்குறிகளைத் தனித்தனி வரியில் போட்டு நான்கு வரியாகவும் இழுக்கலாம். கணினிக்கு இரண்டும் ஒன்றுதான். (பரீட்சையில் மூன்று பக்க விடையை எட்டுப் பக்கமாக்கத் தெரிந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை!) அதனால் வெற்று வரிகளையும் குறிப்புகளையும் கழித்துவிட்டு எண்ணுவார்கள். சிலர் வரியை விட்டுவிட்டுக் கட்டளைகளை எண்ணுவார்கள். மொழி மாறினாலும் கணக்கு மாறும். பைத்தானில் ஒரே வரியில் முடிகிற வேலைக்கு கோபாலில் முன்னுரையே பல வரி ஓடும்.

இத்தனை ஓட்டை இருந்தும் இந்த அளவுகோல் ஒழியவில்லை. காரணம், திட்டம் போடுகிறவருக்கு ஏதாவது ஓர் எண் வேண்டும். பாரி போம் 1981-ல் வெளியிட்ட 'கோகோமோ' சூத்திரத்தின் எளிய வடிவத்தில் 10,000 வரியைப் போட்டால் சுமார் 27 ஆள்-மாதம் வரும். 1,00,000 வரியைப் போட்டால் 270 வராது, 300-ஐத் தாண்டும். பெரிதாகப் பெரிதாகச் சிக்கலும் கூடுகிறது அல்லவா? இதே சூத்திரத்தை வைத்துத்தான் 2001-ல் டேவிட் வீலர், ரெட் ஹாட் லினக்ஸ் 7.1-ஐ எண்ணிப் பார்த்தார். 3 கோடி வரிகளுக்கு மேல். ஒரு நிறுவனம் வழக்கமான முறையில் அமெரிக்காவில் செய்திருந்தால் சுமார் 8,000 ஆள்-ஆண்டு, 100 கோடி டாலருக்கு மேல் செலவு! இலவசமாக இறக்கிக்கொள்ளக் கூடிய ஒன்றுக்கு முதல் தடவையாக ஒரு விலைச்சீட்டு பார்த்தது போல இருந்தது.

முடிந்த வேலையை இப்படி எண்ணுவதில் தப்பில்லை. அந்த எண்ணைச் சம்பளத்தோடு முடிச்சுப் போடும்போதுதான் வினை. ஐபிஎம்மோடு சேர்ந்து ஓஎஸ்/2 செய்த காலத்தைப் பற்றி மைக்ரோசாஃப்டின் ஸ்டீவ் பால்மர் 1996-ல் வந்த ஓர் ஆவணப்படத்தில் அலுத்துக்கொண்டார். ஐபிஎம்மில் எதற்கெடுத்தாலும் கே-லாக் கணக்குதானாம். 20 கே-லாக் வேலையை ஒரு கெட்டிக்காரர் 4-லேயே முடித்தால் எங்களுக்குக் காசு குறைய வேண்டுமா என்பது அவர் கேள்வி. நியாயம்தானே? கொத்தனாருக்குச் செங்கல் எண்ணிக் கூலி கொடுத்தால் வீட்டில் சுவர்தான் பெருகும். வேடிக்கை என்னவென்றால், வரியை விடுத்து மென்பொருள் செய்யும் வேலைகளை எண்ணும் 'ஃபங்ஷன் பாயிண்ட்' முறையை 1979-ல் முன்வைத்த ஆலன் ஆல்பிரெக்டும் ஐபிஎம்காரர்தான்.

டைக்ஸ்ட்ரா என்ற டச்சு கணினியியலாளர் 1988-ல் சொன்னது காமர்ஸ் படிப்பவர்களுக்கு உடனே பிடித்துப்போகும். வரிகள் உற்பத்தியல்ல, செலவு என்றார் அவர். பேரேட்டில் தப்பான பக்கத்தில் பதிகிறோமாம்! யோசித்தால் சரிதான். ஒவ்வொரு வரியையும் பின்னால் யாராவது படிக்க வேண்டும், சோதிக்க வேண்டும், பிழை வந்தால் தூக்கம் கெட்டுத் திருத்த வேண்டும். ஏஐ நொடியில் நூறு வரி எழுதித் தள்ளுகிற இன்றைக்கும், படித்துப் புரிந்துகொள்ளும் பாடு குறையவில்லை.

டைக்ஸ்ட்ரா இதைச் சொல்வதற்கு ஆறு வருடம் முன்பே, 1982-ல், ஆப்பிளில் இதைச் செய்தே காட்டினார் ஒருவர். லிசா கணினி தயாராகிக்கொண்டிருந்தது. வாரா வாரம் எத்தனை வரி எழுதினீர்கள் என்று எல்லாரும் ஒரு படிவத்தில் நிரப்பித் தரவேண்டும் என்றார்கள் மேலாளர்கள். படம் வரையும் குவிக்டிரா நிரலை எழுதிய பில் அட்கின்சன் அப்போதுதான் அதன் முக்கியமான ஒரு பகுதியைப் புதிதாக எழுதி முடித்திருந்தார். வேகம் கிட்டத்தட்ட ஆறு மடங்கு கூடியிருந்தது, நிரலில் சுமார் 2,000 வரிகள் குறைந்திருந்தன. படிவத்தில் எழுதினார்: -2000.

சக ஊழியர் ஆண்டி ஹெர்ட்ஸ்ஃபெல்ட் பின்னாளில் எழுதிய கதை இது. சில வாரங்கள் கழித்து அந்தப் படிவத்தை அட்கின்சனிடம் மட்டும் கேட்பதை நிறுத்திவிட்டார்களாம்.