மெசின் செத்துட்டு என்று சொல்ல முன்...



கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டிலோ பள்ளிவாசலிலோ விளையாட்டுக் கழகத்திலோ ஸ்டார்ட் ஆகாத கிராஸ் கட்டர் ஒன்று மூலையில் கிடந்தால் பொறுமையாக வாசியுங்கள். சில ஆயிரம் ரூபாய் மிஞ்சலாம்.

மாரி மழை விட்டதும் நம்ம பக்கத்துப் பாடசாலைகளுக்கெல்லாம் ஒரே கவலை புல்லுதான். முழங்கால் உயரத்துக்கு நிற்கும். இல்ல விளையாட்டுப் போட்டிக்கு மைதானம் வேண்டும். புல்லுக்குள் கிடக்கிற யோகட் கோப்பை, சிரட்டை எல்லாவற்றிலும் மழைத் தண்ணி. டெங்கு நுளம்புக்கு வேறென்ன வேண்டும்? போதாததற்குப் பாம்பு.

இந்த முறை எங்கள் பாடசாலை மெசினை இழுத்து இழுத்துக் கை ஓய்ந்ததுதான் மிச்சம். ஓர் இடத்தில் காட்டியபோது கழற்றிக்கூடப் பார்க்காமல், "எஞ்சின் முடிஞ்சி சேர், புதுசா எடுங்க" என்றார்கள். புதியது 60,000 ரூபாய். அபிவிருத்திக் குழுக் கூட்டத்தில் ஒரு பிள்ளைக்கு 300 ரூபாய் வீதம் சேர்ப்போம் என்று பேச்சு வந்தது.

300 ரூபாய் சின்னக் காசுதான். ஆனால் மூன்று பிள்ளைகள் படிக்கிற வீட்டுக்கு அது 900. கடல் கொந்தளித்துத் தோணி இறங்காத கிழமையில் அது அந்த வீட்டின் அரிசியும் பால்மாவும். கூட்டத்தில் யாரும் மறுத்துப் பேசவில்லை. இல்லாதவர்கள் கூட்டத்தில் எழும்பி "எங்கிட்ட இல்ல" என்று சொல்ல மாட்டார்கள். கடன் வாங்கியாவது தருவார்கள். அதுதான் எனக்குப் பயம்.

"ரெண்டு நாள் தாங்க சேர், பிள்ளைகளோட சேர்ந்து ஒருக்கா பார்க்கிறன்" என்று அதிபரிடம் கேட்டேன்.

நான் மெக்கானிக் இல்லை. விஞ்ஞானம் படிப்பிக்கிறவன். ஆசிரியர் கலாசாலையில் எங்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்லித் தந்த ஒரு விதி இருக்கிறது: எளியதிலிருந்து கடினத்துக்குப் போ, தெரிந்ததிலிருந்து தெரியாததுக்குப் போ. மெசினுக்கும் அதே விதிதான். பிள்ளைகளுக்குத் தெரிந்தது என்ன? ஒன்று எரிய வேண்டுமென்றால் மூன்று தேவை. எரிபொருள், ஒட்சிசன், எரிபற்று வெப்பநிலை. எஞ்சினுக்குள் அந்த மூன்றும் பெற்றோல், காற்று, பிளக்கின் தீப்பொறி. மூன்றில் எது இல்லை என்று கண்டுபிடித்தால் போதும். செலவில்லாததை முதலில் பார்க்க வேண்டும்.

தரம் 10 பிள்ளைகள் ஆறு பேரோடு இருந்தோம். பார்த்த ஒழுங்கு இதுதான்.

முதலாவது, சுவிட்ச். கைப்பிடியில் இருக்கிற ஓஃப் சுவிட்ச் தட்டுப்பட்டுக் கிடந்தால் ஆயிரம் தரம் இழுத்தாலும் பொறி வராது. எங்களுடையது சரியாக இருந்தது.

இரண்டாவது, பெற்றோல். டாங்கி மூடியைத் திறந்ததும் ஒரு மகள் மூக்கைப் பொத்தினாள். "பெயின்ட் மாதிரி மணக்குது சேர்." போன வருடத்துப் பெற்றோல். பெற்றோலில் இலேசாக ஆவியாகிற பகுதிதான் முதலில் பற்றுவது. மாதக்கணக்கில் கிடந்தால் அது பறந்துவிடும், மிச்சம் பிசின் மாதிரி ஒட்டும். 2022இல் வரிசையில் நின்று வாங்கிய பெற்றோலைப் போத்தலில் பத்திரப்படுத்திப் பழகிவிட்டோம். ஆனால் மெசினுக்குப் பழைய பெற்றோல் ஆகாது. அதை ஊற்றிவிட்டுப் புதிதாகக் கலந்தோம். தோளில் மாட்டுகிற டூ-ஸ்ட்ரோக் மெசினுக்கு டூ-டி ஒயில் கலக்காமல் விட்டால் பிஸ்டன் இறுகிவிடும். 25:1 என்றால் ஒரு லீட்டருக்கு 40 மில்லிலீட்டர், 50:1 என்றால் 20. உங்கள் மெசினுக்கு எது என்று அதன் புத்தகத்திலோ டாங்கியிலோ இருக்கும். தள்ளிக்கொண்டு போகிற நாலு சில்லு மெசின் பெரும்பாலும் ஃபோர்-ஸ்ட்ரோக். அதற்குப் பெற்றோல் தனி, ஒயில் தனி. இரண்டையும் மாற்றிப் போடாதீர்கள்.

இழுத்தோம். இல்லை.

மூன்றாவது, பிளக். கழற்றிப் பார்த்தால் அது கதை சொல்லும். நனைந்திருந்தால் பெற்றோல் கூடிவிட்டது. துடைத்துக் காயவைத்து, சுவிட்சை ஓஃப் பண்ணி, பிளக் இல்லாமலே கயிற்றை நாலைந்து தரம் இழுத்தால் உள்ளே நிறைந்தது வெளியேறும். சோக்கை மூடி வைத்துக்கொண்டே இழுப்பவர்களுக்கு இது அடிக்கடி நடக்கும். குளிர்ந்த எஞ்சினுக்குத்தான் சோக். ஒரு தரம் "டுப்" என்று சத்தம் கேட்டதும் திறந்துவிட வேண்டும். எங்கள் பிளக் நனையவில்லை. காய்ந்து கறுத்திருந்தது. எதற்கும் புதியது ஒன்று வாங்கி, தொப்பியில் மாட்டி, அதன் இரும்பை எஞ்சின் இரும்பில் முட்டவைத்து, பெற்றோல் கேனைத் தூரத்தில் வைத்துவிட்டு இழுத்தோம். நீலப் பொறி பாய்ந்தது. இதைச் செய்யும்போது பிளக்கை வெறுங்கையால் பிடிக்காதீர்கள், அடிக்கும். ரப்பர் பிடி போட்ட குறடு வேண்டும்.

நான்காவது, காற்று. பில்டர் ஸ்பொஞ்சில் மண்ணும் ஒயிலும் பிடித்துக் களிபோல இருந்தது. சவர்க்காரத் தண்ணியில் கழுவி நன்றாகக் காயவைத்தோம். செலவு பூச்சியம்.

இன்னும் இல்லை. இங்கேதான் பலர் கைவிடுவது. ஒரு பரிசோதனை மிச்சமிருந்தது. பிள்ளைகளைத் தள்ளி நிற்கவைத்து, பிளக் ஓட்டைக்குள் சில துளி பெற்றோல் மட்டும் விட்டு, பிளக்கை இறுக்கி இழுத்தேன். இரண்டு செக்கன் உறுமிவிட்டு நின்றது.

எல்லோரும் கைதட்டினார்கள். பெற்றோல் மணத்தைச் சொன்ன அதே மகள்தான் கேட்டாள், "அப்ப நெருப்பு இருக்கு, மூச்சும் இருக்கு. சாப்பாடுதான் தொண்டைக்கால போகல்ல, சரியா சேர்?"

அவ்வளவுதான் விசயம். இரண்டு செக்கன் ஓடிய எஞ்சின் செத்த எஞ்சின் இல்லை. டாங்கியிலிருந்து காபரேட்டர் வரைக்கும் எங்கோ அடைப்பு. டாங்கிக்குள் குழாய் நுனியில் இருக்கிற சின்னப் பில்டரைக் கம்பியால் வளைத்து எடுத்தோம். பிசின் பிடித்துக் கல்லாகிக் கிடந்தது. விரலால் அமுக்குகிற ரப்பர் குமிழில் மயிரிழை போல ஒரு வெடிப்பு. அமுக்கினால் பெற்றோலுக்குப் பதிலாகக் காற்றை இழுக்கிறது. இரண்டையும் மாற்றி, காபரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்தோம். குமிழில் பெற்றோல் தெரியுமட்டும் அமுக்கி, சோக்கை மூடி இழுத்தோம். மூன்றாவது இழுவையில் "டுப்". சோக்கைத் திறந்து ஐந்தாவது இழுவை. அல்ஹம்துலில்லாஹ். மைதானத்துக் காகம் எல்லாம் பறந்தது.

பிளக், பில்டர், குமிழ் எல்லாமாக 1,400 ரூபாய். 60,000 எங்கே, இது எங்கே? பிள்ளைகளிடம் ஒரு சதமும் சேர்க்கவில்லை.

இப்படியும் சரிவராத மெசின்கள் உண்டு. பிளக் இறுக்கியிருக்கும்போதே கயிறு எந்த அழுத்தமும் இல்லாமல் லேசாக வந்தால் பிஸ்டனோ ரிங்கோ தேய்ந்திருக்கலாம். அதை நல்ல பாஸிடம்தான் கொடுக்க வேண்டும். ஓடி ஓடி நின்றுபோனால் டாங்கி மூடியைக் கொஞ்சம் தளர்த்திப் பாருங்கள். மூடியின் காற்றுத் துவாரம் அடைத்திருக்கலாம். சைலன்சரில் கரி அடைத்தாலும் எஞ்சின் திணறும்.

வேலை முடிந்து மாதக்கணக்கில் வைப்பதென்றால் டாங்கியைக் காலி பண்ணி, மெசின் தானாக நிற்குமட்டும் ஓடவிட்டு வையுங்கள். எங்கள் மெசினுக்கு வந்த நோய் பாதி அதனால்தான் வந்தது. அலகில் கைவைக்க முன் பிளக் தொப்பியைக் கழற்றுங்கள். சூட்டோடு பெற்றோல் ஊற்றாதீர்கள். வெட்டும்போது கண்ணாடி, சப்பாத்து கட்டாயம். அலகில் பட்ட கல் தூரத்தில் நிற்கிற பிள்ளையின் கண்ணையும் பறிக்கும். பாடசாலை விட்ட பிறகு வெட்டுவதுதான் நல்லது.

நமக்கு ஒரு பழக்கம் இருக்கிறது. ஒரு சாமான் வேலை செய்யாவிட்டால் உடனே காசு சேர்ப்போம், அல்லது வெளிநாட்டில் இருக்கிற தம்பிமாருக்கு வொய்ஸ் அனுப்புவோம். அவர்களும் தருவார்கள். அந்தக் காசும் வெயிலில் நின்று உழைத்ததுதான். கேட்க முன் ஒரு பிளக்கைக் கழற்றிப் பார்ப்பது அந்த உழைப்புக்கு நாம் கொடுக்கிற மரியாதை.

மையவாடியில் புல்லு வெட்டுகிற பள்ளிவாசல் மெசினும் மூன்று மாதமாகக் கிடக்கிறதாம். தலைவர் காக்காவிடம் பேசியிருக்கிறேன். சனிக்கிழமை அஸருக்குப் பிறகு பாடசாலை முன்றலில் பிள்ளைகள் அதைக் கழற்றுவார்கள். உங்கள் வீட்டிலும் ஒன்று கிடந்தால் கொண்டு வாருங்கள். டாங்கியைக் காலி பண்ணிக்கொண்டு வாருங்கள்.