பெரியம்மா என்று எழுதினேன்

விண்ணப்பத்தில் குழந்தைக்கும் எனக்கும் என்ன உறவு என்று கேட்டிருந்தது. பெரியம்மா என்று எழுதினேன். வாங்கிப் பார்த்த பெண் அலுவலர், “அப்ப நீங்க வளர்ப்புப் பெற்றோர்ல வரமாட்டீங்க்கா” என்றார். எனக்குச் சுருக்கென்றது. தங்கைக்குக் கருமாதி முடிந்த நாளிலிருந்து அவள் மகளுக்குத் தலை பின்னி, சோறூட்டி, பள்ளிக்கு அனுப்புகிறவள் நான். அப்பன் அவளுக்கு முன்பே போய்விட்டான். வளர்ப்பது வேறு யாராம்?

அவர் பொறுமையாகவே விளக்கினார். 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டப்படி, குழந்தைகள் நலக் குழு ஒரு பிள்ளையைச் சொந்தக் குடும்பம் அல்லாத வேறொரு குடும்பத்தில் ஒப்படைத்தால்தான் அது வளர்ப்புப் பராமரிப்பு. பெற்றோரை இழந்து உறவினரிடம் இருக்கும் பிள்ளைக்கு நிதி ஆதரவுத் திட்டம். இரண்டுமே மிஷன் வாத்சல்யாவில் வருகின்றன, இரண்டிலும் மாதம் 4,000 ரூபாய். ஆனால் நிதி ஆதரவுக்குக் குடும்ப வருமானம் கிராமத்தில் ஆண்டுக்கு 72,000, மற்ற இடங்களில் 96,000 ரூபாயைத் தாண்டக் கூடாது.

96,000 என்றால் மாதம் எட்டாயிரம். திருப்பூரில் பவர் டேபிளில் ஒன்றரை ஷிப்ட் தைக்கிற எனக்கு வாரம் நாலாயிரம் வந்துகொண்டிருந்தது. அந்த நாலாயிரத்துக்குக் காலை எட்டரைக்கு உட்கார்ந்து இரவு எட்டுக்கு எழ வேண்டும் என்பதைக் கேட்க அந்த விண்ணப்பத்தில் இடமில்லை. திரும்பி வந்துவிட்டேன்.

பிள்ளைக்கு அப்போது ஏழு வயது. நாலு மணிக்குப் பள்ளி விட்டதும் பக்கத்து வீட்டு அக்கா திண்ணையில் உட்கார்ந்திருப்பாள். நான் வரும்போது புத்தகப் பையில் தலை வைத்துத் தூங்கியிருப்பாள். ஒருநாள் காய்ச்சலோடு அப்படியே கிடந்தாள். அந்த வாரச் சம்பளத்தை வாங்கிக்கொண்டு கம்பெனியிலிருந்து நின்றேன். இப்போது வீட்டில் பிசிறு வெட்டுகிறேன். பண்டலைக் கொண்டுவந்து போடுவார்கள், பீசுக்கு இவ்வளவு என்று கணக்கு. மாதம் ஐயாயிரம் தேறினால் பெரிது.

மறு வருடம் வருமானச் சான்றில் 60,000 என்று வந்தது. தகுதி வந்துவிட்டது. பிள்ளைக்காக வேலையை விட்டேன், வேலையை விட்டதால் பிள்ளைக்கு உதவி கிடைத்தது. ஒரு மாத உதவித்தொகை, என் பழைய ஒரு வாரச் சம்பளம்.

அதற்குள் எத்தனை நடை! பிள்ளையின் பெயர் அப்பன் வீட்டு ரேஷன் கார்டில் இருந்தது. அதை நீக்கித் தரச் சொல்லிப் போனபோது பெரியப்பன் முறை ஆள் வாசலிலேயே சொன்னார்: “அரசாங்கம் காசு தருதுன்னுதானே இவ புள்ளைய வெச்சிருக்கா.” அவர் ஒரு நாளும் அவளைக் கூப்பிட்டுப் பார்த்ததில்லை. அங்கன்வாடி டீச்சர் சம்பளம் வாங்குகிறார், நர்ஸ் வாங்குகிறார், அவர்களுக்குப் பாசமில்லை என்று யாரும் சொல்வதில்லை. பெரியம்மா மட்டும் சும்மாவே செய்ய வேண்டும், செய்வதைக் கணக்குப் பார்க்கவும் கூடாது. எனக்குள்ளும் அந்தக் கூச்சம் இருந்ததை ஒப்புக்கொள்ள வேண்டும். தெரிந்தவர்கள் இல்லாத நேரமாகப் பார்த்துத்தான் அலுவலகப் படி ஏறினேன்.

விசாரிக்க வந்த ஒருவர், “வீட்டுக்காரர் இல்லீங்களா?” என்றார். கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை என்றேன். “பின்ன வீட்டுக்கு யாரு பொறுப்பு?” அவர் கேட்டபோது என் மடியில் பாதி வெட்டிய பண்டல் கிடந்தது, காலடியில் உட்கார்ந்து பிள்ளை வாய்ப்பாடு எழுதிக்கொண்டிருந்தாள். கல்யாணமாகாத பெண்ணும் பிறர் பிள்ளையை வளர்ப்புப் பராமரிப்பில் எடுக்கலாம் என்று 2024இல் வந்த வழிகாட்டு நெறிகளே சொல்கின்றன. அது அவர் வரைக்கும் வந்து சேரவில்லை போல.

முதல் தவணை வந்ததும் பாஸ்புக்கைப் பதிந்து வந்தோம். அவள் எழுத்துக்கூட்டித் தன் பெயரைப் படித்துவிட்டு, “இது என் காசா, உங்க காசா பெரியம்மா?” என்றாள். “செருப்பு வாங்கற காசு” என்றேன்.

போன வாரம் பழைய சூப்பர்வைசர் போன் செய்தார். ஆறு மணிக்கே விட்டுவிடுகிற ஒரு லைன் தொடங்குகிறார்களாம், வாரம் இரண்டாயிரத்து ஐந்நூறு. போனால் வருமானம் வரம்பைத் தாண்டும், 4,000 நிற்கும். அப்படியும் இப்போதையதைவிட ஆயிரம் ரூபாய்தான் கூட வரும். அதற்கு நாலிலிருந்து ஆறு மணிவரை பிள்ளையை மறுபடியும் அந்தத் திண்ணையில் விட வேண்டும். திங்கட்கிழமைக்குள் பதில் சொல்லச் சொல்லியிருக்கிறார்.