கனகராயன்குளத்தில் ஒரு மாரி நாள்

கண்டி வீதி வழியே வவுனியாவைக் கடந்து வடக்கு நோக்கிச் செல்பவர்களிற் பெரும்பாலோர் யாழ்ப்பாணத்தையே மனத்திற் கொண்டு செல்பவராவர். ஓமந்தை, புளியங்குளம் என்று பெயர்ப்பலகைகள் ஒவ்வொன்றாகப் பின்னோக்கி ஓடும். கனகராயன்குளம் வரும்போது பாதிப் பேர் உறக்கத்தில் இருப்பர். மீதிப் பேர் மாங்குளத்துத் தேநீர்க் கடையை எண்ணிக்கொண்டிருப்பர். நாமும் பன்முறை அவ்வாறே அவ்வூரைக் கடந்து போனவர்கள்தாம். கடந்த மார்கழியிலேதான் முதன்முறையாக அங்கே இறங்கி இரண்டு நாள் தங்கும் வாய்ப்புக் கிட்டியது.

இறங்கியபோது காலை ஏழு மணி. மழை என்று சொல்லுமளவுக்குப் பெரிதாக இல்லை; ஆனால் ஓயவுமில்லை. வீதியின் இருமருங்கும் காடு நனைந்து கறுத்து நின்றது. வவுனியா மாவட்டத்தின் வடபகுதியைச் சேர்ந்த இவ்வூரின் பெயரையே தாங்கிய கனகராயன் ஆறு வடக்கே ஓடி இரணைமடுக் குளத்தை நிரப்பி, அப்பாற் சுண்டிக்குளம் கடல்நீரேரியைச் சேர்கிறது. கிளிநொச்சி வயல்கள் விளைவது இந்த மழையினாலேதான். எனவே உழவனுக்கு மாரி ஒரு வரம். ஆனால் அடுப்படியில் நிற்கும் பெண்ணுக்கு அது என்ன என்பதை அன்றுதான் அறிந்தோம்.

நாம் சென்றது பெரியம்மா வீட்டுக்கு. பெரியம்மாவுக்கு எழுபது வயது கடந்துவிட்டது. அவருடைய மகள், அதாவது நமது ஒன்றுவிட்ட தமக்கையார், வீட்டை நடத்துகிறார். அக்காவின் கணவருக்கு இரண்டு ஏக்கர் வயலும், சில மாடுகளும் உண்டு. மகள் பல்கலைக்கழகத்திலே படிக்கிறாள். மகன் பத்தாம் வகுப்பு. அக்காவின் கடைசித் தம்பி இலண்டனில் இருக்கிறார்.

உள்ளே நுழைந்ததும் நாம் கண்டது புகையை. அடுப்படியிலிருந்து வெண்மையாகக் கிளம்பி, கூரையைத் தொட்டு, போக வழியறியாமல் முற்றத்துக்கு வந்துகொண்டிருந்தது. அதன் நடுவிலிருந்து அக்காவின் குரல் கேட்டது:

"தம்பி, வாங்கோ, இருங்கோ. விறகு கொஞ்சம் ஈரம். தேத்தண்ணி வரச் சுணங்கும்."

ஈர விறகின் கதை எளிய கணக்குத்தான். பச்சை மரத்தின் எடையிலே பாதியளவு நீர்தான். அடுப்பில் வைத்ததும் நெருப்பின் வெப்பத்தில் ஒரு பங்கு அந்த நீரை ஆவியாக்குவதற்கே செலவாகிவிடுகிறது. எஞ்சியதே பானைக்கு. எரிதல் குறையும்போது புகை மிகுகிறது. ஆகவே கோடையில் ஒரு கட்டு விறகில் முடியும் சமையலுக்கு மாரியில் ஒன்றரைக் கட்டு, சிலவேளை இரண்டு கட்டும் வேண்டியிருக்கிறது. பணம் கொடுத்து வாங்காத விறகுதானே என்று நினைப்பவர்கள் உண்டு. அதற்குக் கொடுக்கும் விலை உடலுழைப்பும் கண்ணீரும் இருமலும் ஆகும். அடுப்படிப் புகையை நாட்டுப்புற வாழ்வின் அழகு என்று எழுதுவோரைக் கண்டால் அரைமணி நேரம் அக்காவின் அருகில் உட்காரச் சொல்ல வேண்டும் என்று தோன்றிற்று.

ஆனால் அக்கா விறகு விடயத்தில் சோம்பியவரல்லர். ஆவணி முடியுமுன் விறகடுக்கும் வேலை அவ்வீட்டில் நெல் விதைப்புக்கு ஒப்பானது. பாலை, வீரை முதலிய வன்மரங்களின் பட்ட கொம்புகள் ஒரு பக்கம். சுள்ளி ஒரு பக்கம். பொச்சுமட்டையும் சிரட்டையும் சாக்குகளில். அடுப்புக்கு நேர் மேலே ஒரு பரண் கட்டியிருக்கிறார். நாளை எரிக்க வேண்டிய விறகு இன்று அந்தப் பரணிலே காயும். இன்றைய நெருப்பின் வீண்போகும் வெப்பம் நாளைய விறகை உலர்த்துகிறது. இரவில் பாலைக் கட்டையின் தணலைச் சாம்பலால் மூடி வைத்தால் விடிகாலையில் ஊதியே நெருப்பெடுக்கலாம். ஒரு நெருப்புக்குச்சியும், ஒரு கரண்டி மண்ணெண்ணெயும் மிச்சம். சென்ற ஆண்டில் மழை முந்திவிட்டதாம், அடுக்கியது போதவில்லை. காட்டுக்குள் போய் எடுக்கலாமெனில் யானைப் பயம். வனத் திணைக்களத்தின் எல்லைக் கற்கள். போர் முடிந்து ஆண்டுகள் பல கழிந்தும் வன்னியின் சில இடங்களிற் கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகைகள். ஊரைச் சுற்றிலும் காடிருந்தும் விறகு அரிதாவது இவ்வாறுதான்.

நிற்க. மின்சாரம் இருக்கிறதே, எரிவாயு இருக்கிறதே என்று பட்டினத்து வாசகர்கள் கேட்பர். இரண்டும் அவ்வீட்டில் இருக்கின்றன. அடுப்படியின் ஒரு மூலையில் எரிவாயுச் சிலிண்டர் துணியாற் போர்த்தப்பட்டு ஒரு விருந்தாளியைப்போல் நின்றது. 2021 ஒக்டோபருக்கு முன் பன்னிரண்டரைக் கிலோச் சிலிண்டரின் விலை 1,493 ரூபா. 2022 ஏப்ரிலில் அது 4,860 ரூபாவாயிற்று. அதே ஆண்டு ஆகஸ்டில் மண்ணெண்ணெய் ஒரு லீற்றர் 87 ரூபாவிலிருந்து ஒரே இரவில் 340 ரூபாவுக்குத் தாவியது. நாட்டின் அந்நியச் செலாவணி வற்றி, ரூபாவின் பெறுமதி சரிந்த காலம் அது. பின்னர் விலைகள் இறங்கியதும் உண்மைதான்; எனினும் ஒருமுறை பயந்த கை எளிதிற் சிலிண்டரின் திருகைத் திருப்புவதில்லை.

மின்சாரக் கதை இதனினும் சுவையானது. 2022 ஆகஸ்டுக்கு முன் மாதம் 30 அலகு செலவிடும் வீட்டுக்கு அலகொன்று 2 ரூபா 50 சதம். நிலையான கட்டணம் 30 ரூபா. ஆக 105 ரூபா. 2023 பெப்ரவரியில் அதே 30 அலகுக்கு, அலகொன்று 30 ரூபா, நிலையான கட்டணம் 400 ரூபா என்று கணக்கிட்டு 1,300 ரூபா வந்தது. சர்வதேச நாணய நிதியத்தின் உதவியைப் பெறும் பொருட்டு, உற்பத்திச் செலவைக் கட்டணத்திலேயே ஈடுசெய்ய வேண்டுமென்ற நிலைமை அப்போது இருந்தது. அதன்பின் 2024 இலும் 2025 ஜனவரியிலும் கட்டணம் குறைந்தது. 2025 ஜூனில் 15 சதவீதம் கூடியது. இப்படி ஏறியும் இறங்கியும் வந்ததிலே அக்கா ஒரு நல்ல கணக்காளராகிவிட்டார்.

அவர் வீட்டுச் சுவரில் ஒரு நாட்காட்டி தொங்குகிறது. ஒவ்வொரு ஞாயிறன்றும் மின்மானியின் இலக்கத்தை அதிற் குறித்து வைக்கிறார். முப்பதைத் தாண்டினால் விலைப்படி மாறும். அறுபதைத் தாண்டினாலோ முதல் அறுபது அலகுக்கும் சேர்த்தே கூடிய விலை. ஆகவே அந்த வீட்டில் முப்பது என்பது ஓர் எல்லைக்கோடு. மாணவர்கள் இதைத் தாமே கணக்கிட்டுப் பார்க்கலாம். ஆயிரம் உவாற்று ஒரு மணி நேரம் எரிந்தால் ஓர் அலகு. ஒன்பது உவாற்றுக் குமிழ் நான்கு, நாளுக்கு ஐந்து மணி நேரம் எரிந்தால் மாதம் ஐந்தரை அலகுக்குச் சற்றுக் குறைவு. எண்பது உவாற்றுத் தொலைக்காட்சி மூன்று மணி நேரம் ஓடினால் மாதம் ஏழு அலகு. துணி அழுத்தியை வாரத்தில் அரைமணி நேரம் பிடித்தால் இரண்டு அலகு. எழுநூறு உவாற்றுச் சோற்றுப் பானையை நாளுக்கு அரைமணி நேரம் வைத்தால் பத்தரை. இதுவரை இருபத்தைந்து. கிணற்று மோட்டரை நாளுக்கு இருபது நிமிடம் ஓடவிட்டால் ஏழரை அலகு சேர்ந்து முப்பதைத் தாண்டிவிடும்.

"அதுதான் மாரியில எனக்கு ஒரு லாபம்" என்று அக்கா சிரித்தார். "கிணறு வாய் வரைக்கும் நிறைஞ்சு கிடக்கு. கையால அள்ளலாம். மோட்டர் வேண்டாம், காத்தாடியும் வேண்டாம். அந்த அலகைத்தான் சோத்துப் பானைக்குக் குடுக்கிறன். விறகு நனைஞ்ச நாளையில கறண்டில சோறு. விறகு காய்ஞ்ச நாளையில அடுப்பில."

மேனாடுகளிற் குளிர்காலம் வந்தால் மின்கட்டணம் ஏறும். வன்னியிலே மாரி வந்தால் மின்கட்டணம் இறங்கி, விறகுச் செலவு ஏறுகிறது. ஒன்றிலே மிஞ்சியதை மற்றொன்றுக்கு மாற்றிவிடும் இந்த நுட்பத்தை எந்தப் பள்ளிக்கூடத்திலும் அவர் கற்கவில்லை.

அவர் கற்றது வேறொரு விளக்கின் ஒளியில். 1990 ஆம் ஆண்டு தொடங்கிய பொருளாதாரத் தடையின்போது வன்னிக்கு மண்ணெண்ணெய் அளந்தே வந்தது, மின்கலங்கள் வரவேயில்லை. மின்சாரம் என்பது கதைகளில் மட்டும் இருந்தது. அக்காலத்து மாணவர்களின் துணை ஜாம் போத்தல் விளக்கு. சிறிய கண்ணாடிப் போத்தலின் அடியிற் பஞ்சை வைத்து, அது நனையுமளவுக்கு மட்டும் மண்ணெண்ணெய் விட்டு, நடுவே கம்பியில் தாங்கிய மெல்லிய திரி. போத்தலின் சுவரே காற்றைத் தடுக்கும் சிமினி. பெரிய விளக்குக்கு ஓரிரவில் வேண்டிய எண்ணெயில் இது பல இரவுகள் எரியும். வானொலி கேட்க வேண்டுமெனில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து ஒருவர் மிதிக்க, டைனமோவின் மின்சாரத்தில் மற்றவர்கள் செய்தி கேட்பர். அந்த விளக்கினருகே படித்துத்தான் அக்கா சாதாரணதரப் பரீட்சை எழுதினார். பிறகு 1997 இல் ஜயசிக்குறு இராணுவ நடவடிக்கை, இடம்பெயர்வு. 2008 இல் மறுபடியும் இடம்பெயர்வு. படிப்பு அத்தோடு நின்றது. போர் முடிந்து ஊர் திரும்பியபின், புதிய கம்பங்கள் நாட்டப்பட்டு வீட்டுக்கு மின்சாரம் வந்த அன்று, பெரியம்மா குமிழுக்குக் கற்பூரம் காட்டினாராம்.

அந்த ஜாம் போத்தல் இன்னொரு முறையும் வெளியே வந்தது. 2023 ஜனவரி 23 ஆந் திகதி உயர்தரப் பரீட்சை தொடங்கியது. நாடெங்கும் நாளுக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேலாக மின்வெட்டு. பரீட்சை முடியும் வரையேனும் வெட்டாதிருக்க வேண்டுமென்று மனித உரிமைகள் ஆணைக்குழு தலையிட்டது. விடயம் உயர் நீதிமன்றம் வரை சென்றது. கனகராயன்குளத்திலே மகள் புத்தகத்தை விரித்தபடி இருட்டில் உட்கார்ந்திருந்தாள். பெரியம்மா ஒன்றும் பேசாமல் எழுந்து போய், ஒரு போத்தலைக் கழுவித் துடைத்து, பஞ்சும் திரியும் வைத்துக் கொண்டுவந்தார். போத்தல் புதியது, வித்தை பழையது. லீற்றர் முந்நூறு ரூபாவுக்கு மேல் விற்ற மண்ணெண்ணெயில் இரண்டு கரண்டி.

"அதைக் கண்டதும் எனக்கு அழுகை வந்திட்டுது, தம்பி" என்றார் அக்கா. "என்ர பிள்ளைக்கு இது வேண்டாம் எண்டுதானே இவ்வளவும் பட்டது. அவள் என்ன செய்தாள் தெரியுமோ? 'அம்மம்மா, நல்ல வெளிச்சம்' எண்டு சொல்லிப்போட்டுப் படிக்கத் தொடங்கினாள்."

அதற்கு முந்திய மாதத்திலேதான் மாண்டஸ் புயலையொட்டிய குளிரால் வடக்கிலும் கிழக்கிலும் மாடுகள் கூட்டங்கூட்டமாக மாண்டன. இவ்வீட்டாரும் ஒரு பசுவை இழந்தனர். வன்னியிலே குளிரால் உயிர்போகும் என்று அதற்கு முன் சொன்னால் நாமும் நம்பியிரோம். எஞ்சிய மாடுகளுக்காகக் கொட்டிலிலே இரவு முழுவதும் உமியைப் புகைய விட்டு அத்தான் காவலிருந்தாராம். வீட்டார் அனைவரும் அடுப்படிக்குப் பக்கத்து அறையிலே ஒன்றாகப் படுத்தனர்.

இலண்டனில் இருக்கும் தம்பியின் வீட்டிலும் அதே மாதங்களில் அதே ஏற்பாடுதான் என்பது பிற்பாடு தெரிந்தது. உக்ரேன் போரையொட்டி எரிவாயு விலை உயர்ந்த குளிர்காலம் அது. சாதாரண வீடொன்றின் ஆண்டு எரிசக்திச் செலவு, 2021 ஒக்டோபரின் உச்சவரம்புப்படி 1,277 பவுணாக இருந்தது. ஓராண்டு கழித்து, அரசாங்கம் தலையிட்டு மட்டுப்படுத்திய பின்னரும் 2,500 பவுண். ஒவ்வொரு வீட்டுக்கும் 400 பவுண் உதவியும் வழங்கினர். அப்படியிருந்தும் தம்பி குடும்பத்தார் ஒரேயோர் அறையைச் சூடாக்கி, நால்வரும் அதிலேயே உறங்கினர். இதை அவர் தமக்கைக்குச் சொல்லவில்லை. மாதந்தோறும் சிலிண்டருக்கென்று பணம் மட்டும் தவறாமல் அனுப்பிவந்தார். ஒருநாள் தொலைபேசியின் திரையில், வீட்டுக்குள்ளேயே தடித்த குளிரங்கியோடும் தொப்பியோடும் பிள்ளைகள் உட்கார்ந்திருப்பதை அக்கா கண்டுவிட்டார்.

"அண்டையிலயிருந்து நான் அவன்ர காசில காஸ் எடுக்கிறதில்லை" என்றார்.

மூலையிலே போர்த்தி நிற்கும் சிலிண்டரின் பொருள் அப்போதுதான் நமக்கு விளங்கிற்று. வந்த பணத்தை அக்கா வங்கியில் வைத்திருக்கிறார். தம்பிக்கு இது தெரியாது. மகளின் படிப்புக்குக்கூட அதைத் தொடவில்லை. பெரியம்மாவுக்கு இரவில் இருமல் கூடினால் வெந்நீர் வைக்க மட்டும் சிலிண்டர் திறக்கப்படும். உம்முடைய இருமலுக்கு என்ன செய்வீர் என்று கேட்க வாயெடுத்தோம், கேட்கவில்லை. புகைபோக்கி ஒன்று கட்டினாற் பாதிப் புகை போய்விடுமே என்று மட்டும் சொன்னோம். அத்தான் உடனே எழுந்து கூரையை அளக்கத் தொடங்கிவிட்டார். அதற்காகவே காத்திருந்தவர் போலும்.

மறுநாள் மாலை, நாம் புறப்படும் நேரத்தில் இலண்டனிலிருந்து அழைப்பு வந்தது. அங்கே நண்பகல். அக்கா தொலைபேசியைச் சுவரோடு சாய்த்து வைத்துவிட்டு, ஊதுகுழலால் தணலை எழுப்பிக்கொண்டே பேசினார்.

"என்னடா, வீட்டுக்குள்ள தொப்பி போட்டிருக்கிறாய்?"

"சும்மாதான் அக்கா, வெளியில போகப்போறன். நீங்கள் ஏன் விறகில சமைக்கிறியள்? காஸ் முடிஞ்சு போச்சோ?"

"முடியேல்லை. காஸில வைச்சால் தம்பிக்குப் பாற்கஞ்சி ருசிக்காதெண்டு சொல்லுறார்" என்று நம்மைக் கைகாட்டினார்.

நாம் ஆமென்று தலையாட்டினோம். வெளியே யாழ்ப்பாணப் பேருந்தின் ஒலி கேட்டது. மழை இன்னும் விடவில்லை.